குளிரும் வாடகை வீடு, கையில் குறைந்த காசு: பிரிட்டனில் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது எப்படி?

"குளிரு உண்டா மக்களே?" என்று காட்டாக்கடையிலிருந்தோ பாறசாலையிலிருந்தோ அம்மா வாட்ஸ்அப்பில் கேட்கிறார். நீங்கள் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அது தெரியாமல் இருக்க கேமராவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, "இல்லம்மா, ஹீட்டர் இருக்கு" என்கிறீர்கள். ஹீட்டர் இருப்பது உண்மைதான். போன மாத பில் வந்த பிறகு அதைப் போடப் பயமாக இருக்கிறது என்பதும் உண்மைதான்.

நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களிலிருந்து நர்ஸிங், முதியோர் பராமரிப்பு, ஐ.டி., மேற்படிப்பு என்று பிரிட்டனுக்குப் போகிற பலருக்கு முதல் குளிர்காலம் இப்படித்தான் போகிறது. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. நம்ம ஊர் வீடு, சூட்டை வெளியே அனுப்பக் கட்டிய வீடு. ஓட்டுக்கூரை, ஜன்னலுக்கு மேலே வெண்டிலேட்டர், கதவுக்கு அடியில் இடைவெளி என எல்லாமே காற்று ஓடத்தான். மார்கழி விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீரின் முதல் வாளிதான் நாம் பார்த்த பெரிய குளிர். லண்டனில் ஜனவரியில் பகல் வெப்பநிலையே சராசரியாக 8 டிகிரிதான், இரவில் 2, 3 டிகிரி. வீட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததை அங்கே பாதி தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

நேரமில்லாதவர்களுக்கு நான்கு வரியில்:

- அறையைச் சூடாக்கும் முன் உங்கள் உடம்பைச் சூடாக வையுங்கள். செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.
- ஹீட்டர் வாங்கும் முன் காற்று நுழையும் இடைவெளிகளை அடையுங்கள்.
- ஈரத்தை வெளியேற்றுங்கள். பூஞ்சை, குளிரைவிட மோசமான எதிரி.
- பாய்லர், ஜன்னல், ரேடியேட்டர் பழுது உங்கள் செலவு இல்லை. அது ஹவுஸ் ஓனரின் சட்டப்பூர்வ பொறுப்பு.

இனி ஒவ்வொன்றாகக் கணக்கோடு பார்ப்போம். விலைகள் 2025 அக்டோபர்-டிசம்பர் காலாண்டுக்கானவை. சட்டம் பற்றிய பகுதி இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் மாறும்.

வீடு ஏன் இவ்வளவு குளிருகிறது?

இங்கிலாந்து வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று 1919-க்கு முன் கட்டப்பட்டது. வாடகை குறைவாகக் கிடைக்கும் பல அறைகள் இந்தப் பழைய வீடுகளில்தான் இருக்கின்றன. நடுவில் இடைவெளி இல்லாத ஒற்றைச் செங்கல் சுவர், மேலும் கீழும் தள்ளித் திறக்கும் மரச்சட்ட ஜன்னல், மூடாத புகைபோக்கி, பலகைத் தரை என்று வெப்பம் வெளியே போக வழிகள் நிறைய.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையில் 40 கன மீட்டர் காற்று இருக்கும். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி. அந்தக் காற்று முழுவதும் ஒரு முறை வெளியேறி, புதுக் குளிர்க்காற்று வந்தால், அதைச் சூடாக்க சுமார் 0.2 யூனிட் மின்சாரம் வேண்டும்.

இடைவெளிகள் நிறைய உள்ள அறையில் இது மணிக்கு இரண்டு முறை நடந்தால், 10 மணி நேரத்தில் 4 யூனிட். மின்சார ஹீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 1 பவுண்டுக்கு மேல், மாதம் 30 பவுண்டுக்கு மேல். சுவர், கண்ணாடி, கூரை வழியாகப் போகும் வெப்பம் இதில் சேரவில்லை. கதவிடுக்கில் வரும் காற்றுக்கு மட்டுமே இந்தப் பணம்.

எத்தனை டிகிரி இருந்தால் போதும்?

குளிர்ப் பிரதேசங்களில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருப்பது உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல் சொல்கிறது. கைக்குழந்தை, முதியவர், ஆஸ்துமா அல்லது இதய நோய் உள்ளவர்கள் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும்.

அதாவது, நாட்டில் இருந்ததுபோல 27 டிகிரிக்கு முயற்சி செய்ய வேண்டாம். அதே சமயம் 12 டிகிரியில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதும் சிக்கனம் இல்லை. சுமார் 5 முதல் 10 பவுண்டில் வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கும். முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுதான். 'குளிருது' என்பது உங்கள் அனுபவம். '9 நாளாக காலையில் 13 டிகிரி' என்பது ஆதாரம். பிறகு ஓனரிடம் பேசும்போது இந்த வித்தியாசம் புரியும்.

ஒரு யூனிட் என்ன விலை?

கிரேட் பிரிட்டனில் ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை உச்சவரம்பை அறிவிக்கிறது. செய்தியில் ஆண்டுக்கு இத்தனை பவுண்ட் என்று வருவதைப் பார்த்து, அதற்கு மேல் பில் வராது என்று நினைத்துவிடாதீர்கள். உச்சவரம்பு ஒரு யூனிட்டின் விலைக்குத்தான், உங்கள் மொத்தப் பில்லுக்கு இல்லை. அதிகம் எரித்தால் அதிகம் கட்ட வேண்டும்.

2025 அக்டோபர்-டிசம்பரில் டைரக்ட் டெபிட் முறையில் கட்டுவோருக்கு சராசரி உச்சவரம்பு:

- மின்சாரம்: யூனிட்டுக்கு 26.35 பென்ஸ். தினசரி நிலைக்கட்டணம் 53.68 பென்ஸ்.
- கேஸ்: யூனிட்டுக்கு 6.29 பென்ஸ். தினசரி நிலைக்கட்டணம் 34.03 பென்ஸ்.

இரண்டு நிலைக்கட்டணத்தையும் கூட்டினால் 30 நாளைக்கு 26 பவுண்டைத் தாண்டும். ஒரு பல்பைக்கூடப் போடாவிட்டாலும் இது உண்டு. வீட்டில் நாலு பேர் இருந்தால் இதை நாலாகப் பிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம் அடுத்தது. மின்சாரம், கேஸைவிட நான்கு மடங்கு விலை. பாய்லரில் கொஞ்சம் வெப்பம் வீணாவதைக் கழித்தாலும், கேஸ் மூலம் கிடைக்கும் ஒரு யூனிட் வெப்பத்துக்குச் சுமார் 7 பென்ஸ்தான். வீட்டில் கேஸ் ரேடியேட்டர் வேலை செய்யும்போது, அதை அணைத்துவிட்டு எல்லா அறையிலும் மின்சார ஹீட்டர் போடுவது சிக்கனம் என்று நினைத்தால் பில் உங்களைத் திருத்திவிடும்.

எந்த ஹீட்டர் சிக்கனம்?

ஃபேன் ஹீட்டரா, ஆயில் ஹீட்டரா, செராமிக்கா? விளம்பரம் என்ன சொன்னாலும் ஒரு யூனிட் மின்சாரத்திலிருந்து இவை எல்லாமே ஒரே அளவு வெப்பத்தைத்தான் தரும். ஃபேன் ஹீட்டர் சீக்கிரம் சூடாக்கும், அணைத்ததும் ஆறிவிடும். ஆயில் ஹீட்டர் மெதுவாகச் சூடாகி, மெதுவாக ஆறும். வித்தியாசம் அவ்வளவுதான். செலவைத் தீர்மானிப்பது வாட்டும் நேரமும்.

தினம் 5 மணி நேரம் வீதம் ஒரு மாதத்துக்குக் கணக்குப் போட்டால்:

- 2,000 வாட் ஹீட்டர், இடைவிடாமல் ஓடினால்: 300 யூனிட், சுமார் 79 பவுண்ட். நம்ம பணத்தில் ஏறக்குறைய 9,000 ரூபாய்.
- 120 வாட் மின்சாரப் போர்வை, மேலே போர்த்திக்கொள்ளும் வகை: 18 யூனிட், 5 பவுண்டுக்கும் குறைவு.
- ஹாட் வாட்டர் பேக், ஒரு முறை நிரப்பக் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சும் செலவு: சுமார் 4 பென்ஸ்.

அறை முழுவதையும் சூடாக்குவதற்கும் ஒரு ஆளைச் சூடாக்குவதற்கும் உள்ள தூரம் இதுதான். மேஜையில் உட்கார்ந்து படிக்கிறீர்கள், நைட் ஷிஃப்ட் முடிந்து படுக்கிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவைப்படுவது சூடான 40 கன மீட்டர் காற்று இல்லை, சூடான ஒரு உடம்பு.

மின்சாரப் போர்வைக்குப் பணம் இல்லாவிட்டால் உடையிலிருந்து தொடங்குங்கள். தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் நல்லது. இடையில் அடைபடும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், நடுவில் டி-ஷர்ட், மேலே கம்பளி. இரண்டு ஜோடி சாக்ஸைவிட ஒரு ஜோடி கம்பளி சாக்ஸும் வீட்டுக்குள் போடும் செருப்பும் மேல். சாரிட்டி ஷாப்புகளில் கம்பளி ஸ்வெட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். ஊரில் கேலி செய்த மங்கி கேப்பை இங்கே கூச்சமில்லாமல் போடலாம்.

போர்வை விஷயத்தில் ஒரு தகவல். அங்கே டூவே என்ற பஞ்சுப் போர்வையின் சூடு காக்கும் திறனை 'டாக்' என்ற எண்ணில் சொல்வார்கள். 4.5 டாக் கோடைக்கானது. 13.5 டாக் குளிர்காலத்துக்கு. விலை குறைவு என்று 4.5 வாங்கிவிட்டு இரவெல்லாம் நடுங்குபவர்கள் உண்டு. மெத்தை மேலும் ஒரு கம்பளி விரித்துக்கொள்ளுங்கள், குளிர் கீழிருந்தும் வரும்.

காற்று எங்கே நுழைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு ஒரு ஊதுபத்தி போதும். காற்றடிக்கும் நாளில் திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை ஜன்னல் ஓரம், கதவடி, சாவித்துவாரம், தரைப்பலகை இடுக்கு, பயன்படுத்தாத கணப்பு அடுப்பு ஆகியவற்றுக்கு அருகில் மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராகப் போகாமல் சாய்கிற இடம்தான் ஓட்டை. ஸ்மோக் அலாரத்துக்கு நேர் கீழே இதைச் செய்ய வேண்டாம்.

அடைப்பதற்கு:

- கதவடி: பழைய சாரத்தை இறுக்கமாகச் சுருட்டி வைத்தாலே போதும். உள்ளே பழைய துணி அடைத்துத் தைத்தால் நகராமல் இருக்கும்.
- ஜன்னல் ஓரம்: ஒட்டும் ஃபோம் டேப், ஒரு சுருள் சுமார் 3 முதல் 5 பவுண்ட்.
- ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்: இரட்டைப் பக்க டேப் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் படலம் விரித்து ஹேர் டிரையரால் சூடு காட்டினால் இறுகிவிடும். கண்ணாடிக்கும் படலத்துக்கும் நடுவில் அடைபடும் காற்று இரண்டாவது கண்ணாடி மாதிரி வேலை செய்யும்.
- திரைச்சீலை: பொழுது சாய்ந்ததும் மூடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கினால் அதன் பின்பக்கம் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் ஜன்னலைத்தான் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள்.

இவை எல்லாமே பிறகு கழற்றிவிடக் கூடியவை. டேப் எடுக்கும்போது பெயின்ட் உரிந்தால் டெபாசிட்டில் கை வைப்பார்கள் என்பதால், முதலில் ஒரு மூலையில் ஒட்டிச் சோதித்துப் பாருங்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

எதை அடைக்கக் கூடாது? சுவரில் உள்ள நிரந்தரக் காற்றுத் துளைகள், ஜன்னல் மேல் சட்டத்தில் உள்ள சின்னக் காற்றுப்பட்டை, சமையலறை மற்றும் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஆகியவற்றைத் தொடாதீர்கள். கேஸ் கணப்பு அல்லது பாய்லர் இருக்கும் அறையில் இவை உயிர் காக்கும் துளைகள்.

அடைக்கவும் சொல்கிறீர்கள், ஜன்னலைத் திறக்கவும் சொல்கிறீர்களே?

நியாயமான கேள்வி. பதில் ஈரத்தில் இருக்கிறது.

20 டிகிரி சூடும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் வடியும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் ஓடும் துளிகள் அதுதான். வெளிச்சுவரின் மூலை, அலமாரிக்குப் பின்பக்கம், மெத்தைக்கு அடி ஆகியவை குளிர்ந்து ஈரமாகிக் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும்.

நம் சமையல் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. கஞ்சி வடித்துச் சோறு பொங்குவது, குக்கர் விசில், மரச்சீனி அவிப்பது எல்லாமே நீராவி. ஒரு முறை துவைத்த துணிகளை அறைக்குள் காயப்போட்டால் லிட்டர் கணக்கில் தண்ணீர் காற்றில் கலக்கும். நாலு பேர் ஒரு வீட்டில், அதுவும் மாறி மாறி ஷிஃப்டில் இருந்தால் சமையலும் குளியலும் ஓய்வதே இல்லை.

வெளியே மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரம்தானே வரும்? இல்லை. குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. 5 டிகிரியில் முழுக்க ஈரமான காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது மழைநாள் காற்றும் உங்கள் அறையைக் காயவைக்கும்.

செலவு? முன்பு போட்ட கணக்கின்படி அறைக் காற்று முழுவதும் ஒரு முறை மாறினால் 0.2 யூனிட். கேஸ் ஹீட்டிங் என்றால் ஒன்றரை பென்ஸ், மின்சாரம் என்றால் 5 பென்ஸ். ஆகவே காலையிலும் சமைத்த பிறகும் பத்து நிமிடம் நன்றாகத் திறந்துவிட்டு மூடுங்கள். நாள் முழுக்க இடுக்கு வழியாகக் கசிவதுதான் நஷ்டம். பத்து நிமிடம் திறப்பது நஷ்டம் இல்லை.

மூடி போட்டுச் சமையுங்கள். குளித்ததும் குளியலறைக் கதவைச் சாத்தி ஃபேனைப் போடுங்கள். துணியை ஒரே அறையில் கதவை மூடி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து காயவையுங்கள். கண்ணாடியில் வடியும் தண்ணீரைத் தோர்த்தால் துடைத்து, அதைப் பிழிந்து விடுங்கள். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

பூஞ்சையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பூஞ்சை பிடித்த வாடகைக் குடியிருப்பில் நீண்டகாலம் வாழ்ந்ததால் வந்த சுவாசப் பாதிப்பே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். பலமுறை புகார் செய்திருந்தார்கள். 'உங்கள் வாழ்க்கை முறைதான் காரணம்' என்ற பதில் புலம்பெயர்ந்தவர்களுக்கு அடிக்கடி கிடைக்கிறது. சமையலில் நாம் கவனமாக இருக்கலாம். ஆனால் ஒழுகும் சுவரும் ஓடாத ஃபேனும் நம் வாழ்க்கை முறை இல்லை.

ரேடியேட்டர், பாய்லரில் நாமே என்ன செய்யலாம்?

ரேடியேட்டர் மேலே குளிர்ந்தும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, அதற்கான சின்னச் சாவியால் மேல் மூலையைக் கொஞ்சம் திருகினால் காற்று சீறி வெளியேறும். தண்ணீர் துளிர்த்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லர் பிரஷர் 1 முதல் 1.5 பாருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கவாட்டில் எண் போட்ட திருகு இருந்தால், ஆள் இல்லாத அறைகளில் குறைத்து வையுங்கள். முழுவதும் அணைத்தால் அங்கே பூஞ்சை பிடிக்கலாம்.

தண்ணீர்த் தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பத்தை 60 டிகிரி அளவுக்குக் குறைக்கலாம், பாய்லர் திறமையாக ஓடும். சுடுநீர்த் தொட்டி உள்ள வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். தொட்டியில் தண்ணீர் 60 டிகிரியில் இருக்காவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளரும் ஆபத்து உண்டு.

கேஸ் இல்லாத ஃபிளாட்களில் சுவரோரம் கனமான பெட்டி ஒன்று இருக்கும். அது ஸ்டோரேஜ் ஹீட்டர். இரவில் மலிவு விலை நேரத்தில் வெப்பத்தைச் சேமித்து, பகலில் விடும். 'இன்புட்' திருகு இரவில் எவ்வளவு சேமிப்பது என்பதற்கு. 'அவுட்புட்' திருகு எவ்வளவு வேகமாக விடுவது என்பதற்கு. இரவு படுக்கும்போது அவுட்புட்டை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் மாலையில் நீங்கள் வேலை முடிந்து வருவதற்குள் பெட்டி ஆறிப்போயிருக்கும். உங்கள் கணக்கு இரண்டு விலை உள்ள திட்டமா என்று மின்நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

செய்யவே கூடாதவை எவை?

- அறைக்குள் கரி மூட்டுவது, கேம்பிங் ஸ்டவ் எரிப்பது, கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுக் குளிர்காய்வது. ஊட்டி, கொடைக்கானல் அறைகளில் கரி அடுப்போடு தூங்கி இறந்தவர்களைப் பற்றி நீங்களே செய்தியில் படித்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும். தலைவலி, குமட்டல், மயக்கம் ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.
- ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது. நேராகச் சுவர் பிளக்கில்தான். ஹீட்டர் மேல் துணி காயப்போடுவதும் கூடாது.
- ஹாட் வாட்டர் பேக்கில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவது. கொஞ்சம் ஆறவிடுங்கள். கழுத்தில் பூ மாதிரி இருக்கும் முத்திரையில் தயாரித்த தேதி உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.
- மரத்துப்போன காலை நேராக ரேடியேட்டரிலோ சுடுதண்ணீரிலோ வைப்பது. விரல் சிவந்து வீங்கி அரிக்கும். மெதுவாகச் சூடுபடுத்துங்கள்.

ஹவுஸ் ஓனர் என்னென்ன செய்தாக வேண்டும்?

இதுவரை சொன்னது நீங்கள் செய்யக்கூடியது. அதற்கு ஒரு எல்லை உண்டு.

- 1985-ம் ஆண்டு ஓனர்-குடியிருப்போர் சட்டத்தின் 11-வது பிரிவின்படி வீட்டின் கட்டமைப்பு, ஜன்னல், ஹீட்டிங், சுடுநீர் வசதியைப் பழுதில்லாமல் வைத்திருப்பது ஓனரின் வேலை. வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி வாங்கிக்கொண்டாலும் இது மாறாது.
- 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி வீடு மனிதர் வசிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். கடுங்குளிரும் ஈரமும் பூஞ்சையும் அந்தப் பட்டியலில் உள்ள அபாயங்கள்.
- ஏ முதல் ஜி வரை தரம் காட்டும் எரிசக்திச் சான்றிதழில் வீடு குறைந்தது 'இ' தரத்தில் இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல், விதிவிலக்குப் பதிவு செய்யாமல் 'எஃப்', 'ஜி' வீடுகளை வாடகைக்கு விட முடியாது. வீட்டு முகவரியைப் போட்டு அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள்.
- கேஸ் சாதனங்களுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை. பாய்லர் போன்றவை இருக்கும் வசிப்பறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம், 2022 அக்டோபர் முதல் கட்டாயம்.

அவாப் பெயரிலேயே வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் அரசு, சமூக வீட்டுவசதி அமைப்புகளின் வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான பூஞ்சைப் புகாரைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் விசாரித்துச் சரிசெய்ய வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டிக்க 2025-ம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி செய்கிறது. தேதி இன்னும் வரவில்லை.

எப்படிக் கேட்பது? போனில் சொன்னது காற்றோடு போகும். இமெயில் அல்லது மெசேஜில், போட்டோ, தேதி, உங்கள் மீட்டர் காட்டிய டிகிரி சேர்த்து எழுதுங்கள். நியாயமான நாட்களில் பதில் இல்லாவிட்டால் உள்ளூர் கவுன்சிலின் வாடகை வீட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் வந்து பார்த்து ஓனருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்புகள் இலவசமாக ஆலோசனை தருகின்றன. கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். அது உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

'புகார் செய்தால் காலி பண்ணச் சொல்வாரே' என்ற பயம் புரிகிறது. காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21-வது பிரிவு 2026 மே 1 முதல் ரத்தாகிறது. 'விசாவுக்குப் பிரச்சினை வருமா?' என்பது அடுத்த பயம். வீட்டுப் பழுது பற்றிப் புகார் செய்வது விசா விதிமீறலும் இல்லை, பொது நிதி உதவி பெறுவதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஓனரே வசிக்கும் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தாலோ, வேலை கொடுத்தவரே தங்குமிடம் கொடுத்திருந்தாலோ உங்கள் உரிமைகள் குறைவாக இருக்கலாம். நடவடிக்கை எடுக்கும் முன் ஆலோசனை கேளுங்கள்.

பில் கட்ட முடியாவிட்டால்?

மறைக்காமல் மின்நிறுவனத்துக்கு போன் செய்யுங்கள். உங்களால் கட்ட முடிந்த அளவைப் பார்த்துத் தவணை தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். குளிர்கால 150 பவுண்ட் தள்ளுபடி, அரசின் நலத்திட்ட உதவி பெறுவோரை அடிப்படையாகக் கொண்டது. 'பொது நிதி உதவி இல்லை' என்ற நிபந்தனையுள்ள விசாவில் இருந்தால் அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம். கர்ப்பிணியோ, 5 வயதுக்குட்பட்ட குழந்தையோ வீட்டில் இருந்தால் நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் இலவசமாகப் பெயர் சேர்க்கலாம்.

இன்னொன்று: ஓனர் மின்சாரத்துக்குத் தனியாக யூனிட் கணக்கில் வசூலித்தால், தான் நிறுவனத்துக்குக் கொடுத்த விலைக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது என்பது ஆஃப்ஜெம் விதி. அசல் பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

சரி, இன்றைக்கு எங்கிருந்து தொடங்குவது?

- காசே இல்லை: ஊதுபத்தி சோதனை, கதவடியில் சாரம், மாலையில் திரைச்சீலை, மூடி போட்ட சமையல், ரேடியேட்டர் முன்னால் இருக்கும் சோபாவை நகர்த்துவது, ஓனருக்கு ஒரு இமெயில்.
- 10 பவுண்ட்: மீட்டர், ஃபோம் டேப்.
- 25 பவுண்ட்: அதோடு ஹாட் வாட்டர் பேக், ஜன்னல் படலம்.
- 60 பவுண்ட்: அதோடு மின்சாரப் போர்வை. 2,000 வாட் ஹீட்டரை ஒரு மாதம் ஓட்டும் செலவைவிட இது குறைவு.

ஊருக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்காமல் 18 டிகிரியில் இருக்க முடியும். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நடுங்குவதால் யாருக்கும் எதுவும் மிச்சமாகாது. அடுத்த முறை அம்மா கேட்டால், "உண்டும்மா, கதவடியில உங்க பழைய சாரத்தைத்தான் வச்சிருக்கேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்து ஊரிலிருந்து வரும் ஆளிடம் இன்னொன்று கொடுத்துவிடுவார்.